முதலில் அந்தப் பூட்டைத் திறங்கள், தம்பி

கேள்வி: எனக்கு வயது 46. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பாடகர் குழுவில் இருக்கிறேன். தினமும் அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்கிறேன். எபிரெயர் 13:15-இல் உள்ள ‘உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி’தான் என் வாழ்க்கை வசனம். ஆனாலும் ஒரு வருடமாக மனது வறண்டு கிடக்கிறது. தேவன் துதிக்குப் பாத்திரர், அதாவது தகுதியுள்ளவர், என்பதில் சந்தேகமில்லை, நான்தான் பாத்திரவானாக நடக்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் எல்லாருமே ஊழியத்தில் இருப்பதால் ஞாயிறு காலை 7 மணிக்கே கிளம்பிவிடுவோம். அம்மாவுக்கு 79 வயது, மறதி அதிகம், தெருவில் இறங்கிவிடுவார்கள். அதனால் வெளியே பூட்டிவிட்டுப் போகிறோம், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை. ஒத்திகை முடிந்து திரும்ப மதியம் ஆகிவிடும். துதியில் மறுபடி அனல் வர நான் என்ன செய்ய வேண்டும்? உபவாசம் இருக்கட்டுமா?

பதில்: தம்பி, வறட்சி எல்லா விசுவாசிக்கும் வரும், காத்திருங்கள், கர்த்தர் மழையை அனுப்புவார் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இந்தக் கேள்வியோடு எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. அந்த ஆறுதலை உங்களுக்கு எழுத எனக்கு மனமில்லை.

‘வெளியே பூட்டிவிட்டுப் போகிறோம், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை.’ உங்கள் கடிதத்தில் இந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. யாருக்குப் பிரச்சினை இல்லை? அம்மாவிடம் கேட்டீர்களா? காலை 7 மணியிலிருந்து மதியம் வரை ஐந்து மணி நேரம். குளியலறையில் வழுக்கி விழுந்தால் யார் தூக்குவது? அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோனால் எந்தக் கதவு வழியாக ஓடுவது? மறதி உள்ளவர்களுக்கு, நீங்கள் ஏன் போனீர்கள், எப்போது வருவீர்கள் என்பதும் நினைவில் நிற்காது. கதவைத் தள்ளிப் பார்ப்பார்கள், திறக்காது. அந்தப் பயத்தை ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகவே அனுபவிப்பார்கள். அவர்கள் தெருவில் இறங்கிவிடும் ஆபத்து நிஜம்தான், மறுக்கவில்லை. அதற்காகத்தான் வீட்டில் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்கிறேன். இத்தனை பேர் இருக்கும் வீட்டில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லையா?

உங்கள் வாழ்க்கை வசனத்துக்கு வருவோம். 15-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். 16-ஐயும் வாசியுங்கள்: ‘அன்றியும் நன்மைசெய்யவும், தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார்.’ உதடுகளின் பலியும் கைகளின் பலியும் ஒரே மூச்சில் கேட்கப்படுகின்றன. சுலபமானதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆயிரம் முறை சொன்னால் மனது வறளாமல் என்ன செய்யும்? ஆமோஸ் தீர்க்கதரிசியின் காலத்திலும் நல்ல பாடகர்கள் இருந்தார்கள். ‘உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று’ என்றுதான் கர்த்தர் அவர்களிடம் சொன்னார். அவர்கள் சுதி தப்பிப் பாடியதாக அங்கே எழுதியிருக்கவில்லை, நியாயம் தப்பி வாழ்ந்தார்கள் என்றுதான் இருக்கிறது.

பாத்திரவானாக நடப்பது எப்படி என்று தெரியாமல் தவிக்க வேண்டியதும் இல்லை. பவுல் சிறையில் இருந்துகொண்டு எபேசியருக்கு எழுதும்போது, அழைப்புக்குப் பாத்திரவான்களாய் நடங்கள் என்று சொன்ன கையோடு, தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை, ஒருவரையொருவர் அன்பினால் தாங்குதல் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறார். எல்லாம் வீட்டுக்குள் செய்கிற காரியங்கள், ஒலிபெருக்கி எதற்கும் தேவைப்படாது. தீமோத்தேயுவுக்கு எழுதும்போது இன்னும் பச்சையாகவே சொல்கிறார்: தன் வீட்டாரை விசாரியாதவன் ‘அவிசுவாசியிலும் கெட்டவன்’. என் வார்த்தை என்று நினைத்துக் கோபப்படாதீர்கள், 1 தீமோத்தேயு 5:8-ஐப் பாருங்கள்.

பெற்ற தாயைப் பார்ப்பது ஊழியத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கிற தலைமுறை ஒன்று நம் சபைகளில் வளர்ந்துவிட்டது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அதுவே ஊழியம், அதுவும் முதல் ஊழியம். மகன் என்கிற இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் பாடகர் இடத்தில் போய் நிற்பதைக் கர்த்தர் கேட்கவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 4-ஆம் அதிகாரத்தில் ‘பாத்திரராயிருக்கிறீர்’ என்று பாடுகிற மூப்பர்கள் தங்கள் கிரீடங்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாடுகிறார்கள். நீங்கள் கழற்றி வைக்க வேண்டியது பாடகர் அங்கி.

உபவாசம் வேண்டாம். வரும் ஞாயிறு மனைவியும் பிள்ளைகளும் போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். அடுத்த ஞாயிறு மனைவி இருக்கட்டும். அவரவர் பொறுப்பை ஐயரிடம் (சபைப் போதகரிடம்) சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், சபை நின்றுவிடாது. அம்மாவால் உட்கார முடியும் என்றால் மாதம் ஒரு முறையாவது ஆட்டோ வைத்து அழைத்துப் போங்கள், இடையில் எழுந்து நடந்தாலும் பரவாயில்லை, பின் வரிசையில் பக்கத்தில் உட்காருங்கள். முடியாது என்றால் ஐயரை வீட்டுக்கு வரச்சொல்லித் திருவிருந்து (அப்பமும் ரசமும்) கொடுக்கச் சொல்லுங்கள், நோயாளிகளுக்கு அது வழக்கம்தானே. அம்மா கடைசியாகத் திருவிருந்து எடுத்தது எப்போது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? மறதிக்கு நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நீங்கள் வீட்டில் இருக்கும் ஞாயிறு பழைய கீர்த்தனைகளை அம்மாவோடு பாடிப் பாருங்கள். பேரப்பிள்ளைகளின் பெயரை மறந்தவர்களுக்குக்கூட இளவயதில் கற்ற பாட்டுகள் வெகுகாலம் நிற்பதுண்டு. 71-ஆம் சங்கீதத்தையும் சேர்ந்து வாசியுங்கள். 8-ஆம் வசனம் வாயெல்லாம் துதி நிறைந்திருக்கட்டும் என்கிறது. அடுத்த வசனம் ‘முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும்’ என்று கெஞ்சுகிறது. அதை அம்மா வாசிக்க, நீங்கள் கேளுங்கள்.

அப்புறம், பிள்ளைகளை உட்காரவைத்து, பாட்டியைப் பூட்டிவிட்டுப் போனது தவறு, அப்பா இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இத்தனை ஞாயிறும் நீங்கள் சாவியைச் சட்டைப் பையில் போடுவதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.