மிதிவண்டி விளக்கின் மினுக்கல் வலிப்பைத் தூண்டுமா?

கேள்வி: ஒளிமினுக்கலால் வலிப்பு வரும் என் மகள், லண்டனில் மாலையில் பள்ளியிலிருந்து நடந்து வருகையில், எதிரே வரும் சைக்கிள்களின் மினுக்கு விளக்குகளுக்கு அஞ்ச வேண்டுமா?

பதில்: வலிப்பு நோயாளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கே இந்த ஒளியுணர்திறன் உண்டு, அவர்களிலும் பெரும்பாலோரைத் தாக்குவது நொடிக்கு 15 முதல் 25 முறை வரை வெட்டும் ஒளிதான். பிரிட்டனில் 2005 முதல் அனுமதிக்கப்பட்டுள்ள மினுக்கு விளக்குகள் நொடிக்கு 1 முதல் 4 முறையே மினுங்க வேண்டும் என்பதால், ஆபத்து குறைவே. ஆனால் சில விளக்குகளில் பொத்தானை மறுபடி அழுத்தினால் படபடவென வெட்டும் வேகம் வந்துவிடுகிறது. அதை ஓட்டுநர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அப்படியொன்று எதிர்ப்பட்டால், உங்கள் மகள் உடனே ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதுமாக மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். கண்களை வெறுமனே இறுக மூடுவது போதாது, ஏனெனில் இமை வழியே சிவந்த ஒளி ஊடுருவி வலிப்பைத் தூண்டக்கூடும்.