புதரை அழிக்கும் முன்: இலந்தையும் பழுபாகலும் நிற்கும் மானாவாரி நிலம்

கேள்வி: ஐயா, எனக்கு நாலு ஏக்கர் மானாவாரி நிலம். அதில் சரளை மண்ணான ஒரு ஏக்கர் பல வருடமாகத் தரிசு. இலந்தை, களா, சூரை, வேம்பு எல்லாம் வெட்ட வெட்டத் துளிர்த்துப் புதராகக் கிடக்கின்றன. மேலே கோவையும் பழுபாகலும் படர்ந்திருக்கின்றன. மீதி நிலத்தில் வருடாவருடம் உழுது விதைக்கிறேன்; மழை ஏமாற்றினால் விதைத்ததும் போய்விடுகிறது. அதனால் ஜேசிபி வைத்துப் புதரைத் தோண்டி எடுத்துவிட்டு, நின்று பலன் தரும் ஒட்டுக்கன்றுகள் வைக்கலாமா? பழுபாகல் கொடி மூன்று வருடமாகப் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. அதை வைத்திருந்து பயன் உண்டா? ஒருமுறை நட்டால் பல வருடம் விளையும் நெல் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அது மானாவாரிக்கு ஒத்துவருமா?

பதில்: ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருந்தால் முதலில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நின்று பலன் தரும் பயிருக்கு மாற நினைப்பது சரிதான். ஆனால் அதற்கான மூலதனத்தையே தோண்டி எறியப் பார்க்கிறீர்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும் இலந்தைத் தூரின் வேர், சரளையைத் துளைத்து ஆழத்து ஈரத்தை எட்டிப் பிடித்திருக்கிறது. பல கோடைகளைப் பார்த்த வேர் அது. பையில் வளர்ந்த ஒட்டுக்கன்றின் வேர் பைக்குள்ளேயே சுருண்டிருக்கும். அது ஆழத்துக்கு இறங்கும்வரை இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்ற வேண்டும். மானாவாரியில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்?

நிற்கும் தூரிலிருந்தே மரம் வளர்ப்பதை ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். வறண்ட வயல்களில் நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை செத்துக்கொண்டிருந்தன. 1980-களின் தொடக்கத்தில் அங்கே வேலை செய்த ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ, வயலெங்கும் சிறு புதர்களாகத் தெரிந்தவை வெட்டப்பட்ட மரங்களின் உயிருள்ள தூர்கள்தான் என்பதைக் கவனித்தார். விவசாயிகள் கன்று நடுவதை விட்டுவிட்டு, துளிர்களைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கினார்கள். சுமார் இருபது ஆண்டுகளில் 50 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு மரங்கள் திரும்பின. விவசாயிகளிடம் கத்தியும் பொறுமையும் இருந்தன, அவ்வளவுதான்.

உங்கள் நிலத்திலும் அதையே செய்யலாம். ஒவ்வொரு தூரிலும் நேராகவும் திடமாகவும் உள்ள மூன்று முதல் ஐந்து துளிர்களை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். விட்ட துளிர்களில் பாதி உயரம் வரை பக்கக் கிளைகளைக் கழித்துவிடுங்கள். வெட்டிய தழையை அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடலாம். முள்கிளைகளைச் சுற்றிலும் அடுக்கினால் ஆடு வாய் வைக்காது. களாவையும் சூரையையும் ஓரத்தில் வரிசையாக விட்டால் அதுவே உயிர்வேலி. ஒன்றே ஒன்று விதிவிலக்கு: நடுவில் சீமைக்கருவேல் இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள். மண்மட்டத்தில் வெட்டினால் மறுபடி வரும். ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி, துளிர் விடும் கழுத்துப் பகுதியோடு எடுக்க வேண்டும்.

இப்போது இலந்தை. கடுங்கோடையில் அது இலையுதிர்த்துத் தூங்கும். அந்தச் சமயத்தில் நல்ல தூர்களைத் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டுங்கள். துளிர்ப்பவற்றில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, அவை பென்சில் தடிமன் வந்ததும், மழைக்காலத்தில் பட்டை சுலபமாக உரியும் நாளில், நல்ல ரகத்தின் மொட்டை எடுத்து, பட்டையில் 'டி' (T) வடிவில் கீறி அதற்குள் செருகி ஒட்டுக் கட்டுங்கள். கட்டிய மொட்டு பிடித்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அதற்குக் கீழே காட்டுத் துளிர் வந்துகொண்டே இருக்கும். விட்டால் மொட்டை அமுக்கிவிடும். முதல் வருடம் அடிக்கடி போய்க் கிள்ளி எடுங்கள். பிறகு வருடந்தோறும் கோடையில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) கட்டாயம், ஏனென்றால் இலந்தை அந்த வருடம் வந்த புதுக்கிளையில்தான் காய்க்கும். புழு விழுந்து உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி அழித்துவிடுங்கள். பழ ஈ மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகக் கிடக்கும்.

எல்லாத் தூரையும் ஒட்டுக் கட்டிவிடாதீர்கள். சிறிய பழமானாலும் ருசியில், காய்க்கும் காலத்தில், பூச்சியைத் தாங்குவதில் ஒவ்வொரு காட்டுச் செடியும் ஒவ்வொரு மாதிரி. கால்வாசியாவது அப்படியே நிற்கட்டும். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்: தோட்டத்து ரகத்துக்கு நாளை ஒரு நோய் வந்தால் அதைத் தாங்கும் குணத்தை இந்த வகைச் செடிகளில்தான் தேட வேண்டியிருக்கும்.

பழுபாகல் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கொடியில் பெரும்பாலும் கோளாறு எதுவும் இல்லை. பழுபாகலில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூத்துக் காய்க்கவில்லை என்றால், உங்களிடம் இருப்பது ஆண் கொடியாக இருக்கும். இல்லையென்றால் பக்கத்தில் ஆண் இல்லாத பெண் கொடி. பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். பெண் பூவின் மஞ்சள் இதழுக்குக் கீழே, மென்மையான முள் போர்த்திய சின்னஞ்சிறு காய் போன்ற புடைப்பு இருக்கும். ஆண் பூவில் அது இருக்காது. காம்பு நீளமாக, பூவை ஒட்டி இலை போன்ற ஒரு செதில் மூடினாற்போல் இருக்கும். பூ மாலை மங்கிய பிறகுதான் விரியும், அதனால் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் அன்றிரவோ மறுநாள் விடிகாலையிலோ மெல்லத் தடவினால் காய் நன்றாகப் பிடிக்கும்.

விதை போட்டால் ஏறக்குறைய பாதி ஆணாகவே வரும், பூக்கும்வரை எது எதுவென்றும் தெரியாது. ஆகவே கிழங்கு மூலம் பெருக்குங்கள். பூக்கும்போதே பெண் கொடிக்கு ஓர் அடையாளம் கட்டிவிடுங்கள். கொடி காய்ந்த பின் தேடினால் கிடைக்காது. கிழங்கை நெடுக்காக, ஒவ்வொரு துண்டிலும் கழுத்துப் பகுதி இருக்கும்படி பிளந்து, வெட்டுவாயில் சாம்பல் தடவி, மழைக்கு முன் நடலாம். எட்டு, பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். கோவையிலும் ஆண், பெண் தனித்தனிதான். அதற்குப் பெண் கொடியிலிருந்து தண்டை வெட்டி நட்டாலே வந்துவிடும். காட்டில் கண்ட கிழங்கை எல்லாம் தோண்டி வராதீர்கள். ஓர் இடத்தில் பத்துக் கொடி இருந்தால் ஒன்றிரண்டு எடுங்கள், பிறகு உங்கள் நிலத்திலேயே பெருக்கிக்கொள்ளுங்கள்.

மீதி மூன்று ஏக்கரில் உழவை ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே வரிசை பிடித்து முருங்கையும் இலந்தையும் வைத்து, இடையில் சிறுதானியமும் துவரையும் விதைக்கலாம். இங்கே முருங்கைக்குப் போத்தைவிட (வெட்டி நடும் கிளையைவிட) விதையே நல்லது, ஆணிவேர் ஆழமாக இறங்கும். துவரையும் உண்மையில் சில வருடம் நிற்கக்கூடிய செடிதான். நீண்டகால ரகமாகப் பார்த்துப் போட்டு, அறுவடையில் பிடுங்காமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். ஆனால் இலை சிறுத்து வெளுத்து, பூக்காமல் புதர்போல் நிற்கும் செடியை அன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள். அது மலட்டுத் தேமல் நோய். சிலந்திப்பேன் வகை ஒன்று அதை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

நெல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் 2018-இல் வெளியான பி.ஆர்.23 தான் அது. ஆப்பிரிக்கக் காட்டுநெல் ஒன்றோடு சேர்த்து உருவாக்கியது, தண்ணீர் உள்ள வயலுக்கானது. உங்கள் நிலத்துக்கு வராது. அமெரிக்காவில் கெர்ன்சா என்ற பல்லாண்டுத் தானியம் இருக்கிறது, அது குளிர்ப்பகுதிக்கானது. வறண்ட நிலத்துக்கு இப்போது கைக்கெட்டுவது மரம், புதர், கிழங்குக் கொடி, துவரை இவைதான்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. மழை விழுந்ததும் பண்ணைக்கீரை, தொய்யல், சாரணை, பருப்புக்கீரை எல்லாம் தானாக முளைக்கும். களைக்கொல்லி அடித்தால் அவை போவதோடு, தப்பிய கீரையும் உண்ணத் தகாததாகிவிடும். ஓரத்தில் ஒரு பட்டையைக் களை எடுக்காமல் விட்டு, கிள்ளிப் பறித்து, முற்றி விதை கொட்டிய பிறகே அழியுங்கள். சாரணையிலும் பருப்புக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு அவை வேண்டாம்.

காட்டு விதை சேகரிக்கும்போது ஒரே செடியில் மூட்டை கட்டாமல், பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கீரை விதைகளை நிழலில் உலர்த்திச் சாம்பலோடு வைத்தால் அடுத்த மழைக்கு முளைக்கும். நாவல் கொட்டையும் வேப்பங்கொட்டையும் அப்படிக் காத்திருக்காது. பழம் பொறுக்கிய சில நாளிலேயே ஊன்றிவிடுங்கள்.