குழியில் இறங்கி உடைந்த இடது பின் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) மாற்றிய பிறகு லாரி வலப்பக்கம் இழுக்கிறது, ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்தால்தான் நேராகப் போகிறது. இரண்டு தடவை அலைன்மெண்ட் பார்த்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடை மூன்றாவது தடவையும் திருக விடாதீர்கள். வண்டி குழியில் இறங்கியதில் இடது பின் மெயின் பட்டையும், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டும் போயிருக்கின்றன. மாற்றிய பிறகு, நேராகப் போகவே ஸ்டியரிங்கை இடப்பக்கம் பிடித்து ஓட்ட வேண்டியிருக்கிறது என்கிறீர்கள். எனக்குச் சந்தேகமெல்லாம் பின் ஹவுசிங், அதாவது பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சு மேல்தான்.

டை ராடில் மாற்ற முடிவது டோ மட்டுமே, அதாவது முன் சக்கரங்கள் இரண்டும் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. அது தப்பினால் டயர் தேயும். டயரின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் பிசிறு தட்டும். ஆனால் லாரியை ஒரே பக்கமாக இழுப்பது பெரும்பாலும் டோவின் வேலை இல்லை.

டயர் காற்றையும் பிரேக்கையும் மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். ஓட்டி நிறுத்தியதும் ஒரு பிரேக் டிரம் மட்டும் கொதித்தால், இழுப்பது அந்தப் பிரேக்காக இருக்கலாம், கதையே வேறு.

அப்புறம் அளக்க வேண்டும். நாமக்கல், சங்ககிரி பக்கத்துப் பழைய மெக்கானிக்குகள் இதற்கு லேசர் கேட்க மாட்டார்கள். தூக்குக்குண்டும் டேப்பும் போதும். சமதளத்தில் லோடு இல்லாமல் கொஞ்ச தூரம் நேராக உருட்டி நிறுத்துங்கள், ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்தினால் அளவு பொய் சொல்லும். முன் ஹப் மையத்திலிருந்தும் பின் ஹப் மையத்திலிருந்தும் குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் குறித்து, இரண்டு பக்கமும் தூரத்தை அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கம்தான் வண்டி இழுக்கும். உங்கள் வண்டியில் இடது பின் சக்கரம் பின்னால் போயிருந்தால் வலப்பக்கத் தூரம் குறைவாக வரும். வலப்பக்கம் இழுப்பதற்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இரண்டு பக்கத்துக்கும் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்ன பெரிய விஷயம் என்று பட்டறையில் சொல்லலாம். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பின்னால் இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.8 மீட்டர் என்று வைத்தால், ஒரு பக்கம் 10 மி.மீ. நகர்ந்தாலே ஹவுசிங் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 5 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது. அதை முன் டயர்கள்தான் மல்லுக்கட்டி நேராக்குகின்றன. புது டயர் சீக்கிரம் போவது இதனால்தான்.

தூரம் வித்தியாசப்பட்டால், நகர்ந்தது முன் ஆக்சிலா பின் ஹவுசிங்கா என்று தெரிய, சேஸிஸில் இரு பக்கமும் ஒரே இடத்தில் உள்ள ஓட்டையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும். பின்னால்தான் என்று உறுதியானால், பட்டையை ஹவுசிங்கோடு கட்டும் யு போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். சென்டர் போல்ட் தலை ஹவுசிங் சீட்டில் உள்ள குழிக்குள் உட்காராமல் மேலேயே நின்றிருக்கலாம். அந்தக் குழி முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கலாம். அதிகம் பேர் கவனிக்காத ஒன்று, புதுப் பட்டையின் முனையில் சுருண்டிருக்கும் கண்ணிலிருந்து சென்டர் ஓட்டைக்கு உள்ள தூரம். அது வலப்பக்கப் பட்டையோடு ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஹவுசிங் கோணலாகத்தான் நிற்கும். பட்டையைச் சேஸிஸோடு பிடிக்கும் ஹேங்கர் பிராக்கெட்டின் ரிவெட்டுகளைச் சுற்றித் துரு கசிந்த கோடு தெரிந்தால், அங்கேயும் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

சில இடங்களில் ஸ்டியரிங் பெட்டியை முன் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கை மட்டும் திருகி ஸ்டியரிங்கை நடுவில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். டிரைவர் கண்ணுக்குச் சரியாகிவிடும், ஆனால் வண்டி கோணலாகவே ஓடும். பின்னால் வருகிறவருக்குப் பாடி ஒரு பக்கம் தள்ளி வருவது தெரியும். இதை ஏற்றுக்கொண்டு காசு கொடுக்காதீர்கள்.

பின்னால் இரண்டு ஹவுசிங் உள்ள டாரஸ் வகை வண்டி என்றால் வேலை கூடும். இரண்டு பின் ஹவுசிங்குகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், ஹவுசிங்கை நகராமல் பிடிக்கும் டார்க் ராட்களின் புஷ்களையும் பார்க்க வேண்டும்.

உடைந்த பட்டையை வெல்டு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சூட்டில் எஃகின் டெம்பர் (வளைந்து மீளும் உறுதி) போய்விடும். நீண்டுபோன பழைய யு போல்ட்டும் வேண்டாம். புதிதாகப் போட்டு, வண்டியின் எடை பட்டை மேல் இருக்கும்போது குறுக்குக் குறுக்காகச் சமமாக, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். ஹவுசிங் நேரானதும் டோவைப் பார்த்தால் போதும். முன்பு அலைன்மெண்ட்டில் டை ராடைத் திருகியதை இப்போது திருப்ப வேண்டிவரலாம். முதல் லோடு இறக்கி வந்தவுடன் யு போல்ட்டை இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள். புதுப் பட்டை படிந்து உட்காரும்போது போல்ட் கொஞ்சம் தளரத்தான் செய்யும்.