கோழி கூண்டுக்குள் போக மாட்டேன் என்கிறதா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு கோழிகள். இத்தனை நாளும் இருட்டினால் தானாகக் கூண்டுக்குள் போய்விடும். கொஞ்ச நாளாக வாசலில் நின்றுகொண்டு உள்ளே போகவே மாட்டேன் என்கின்றன, தூக்கி உள்ளே விட்டாலும் கத்துகின்றன. கொண்டையும் வெளுத்த மாதிரி இருக்கிறது. திமிரா, நோயா?

பதில்: திமிர் இல்லை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் பொழுது சாய்ந்தால் அடையத்தான் பார்க்கும். அந்த நேரத்திலும் உள்ளே போக மறுத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. முதலில் பாம்போ எலியோ நுழைந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கொண்டை வெளுத்திருப்பதை வைத்துப் பார்க்கும்போது என் சந்தேகம் சிவப்பு உண்ணி மேல்தான். பகலில் கோழியைப் பிடித்து இறகை எவ்வளவு விலக்கிப் பார்த்தாலும் ஒன்றும் அகப்படாது, ஏனென்றால் அது கோழி மேல் குடியிருப்பதில்லை; பலகை இடுக்கிலும் கோழி உட்காரும் கழியின் அடியிலும் ஒளிந்திருந்து ராத்திரி வந்து ரத்தம் குடித்துவிட்டுத் திரும்பப் போய்விடும். இருட்டிய பிறகு டார்ச்சோடு போய் ஒரு வெள்ளைத் துணியால் கழியின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் உண்ணிதான்.

இதற்குக் கோழிக்கு மட்டும் மருந்து போடுவது வீண். கூண்டைக் காலி செய்து, பழைய படுக்கையை எல்லாம் அப்புறப்படுத்தி, இடுக்கு இடுக்காகக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் கோழிக்கூண்டுக்கென்றே உள்ள உண்ணி மருந்தை அடியுங்கள். வெயில் காலத்தில் இதன் முட்டை 7 நாளிலேயே வளர்ந்த உண்ணியாகிவிடும் என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவது தடவையில்தான். கூண்டைச் சும்மா பூட்டிப் போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், தீனியே இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். அடையில் கோழி இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். நகராமல் உட்கார்ந்திருப்பதால் ரத்தம் இழந்து செத்தே போகலாம்.

கேள்வி: எச்சம் சில சமயம் பழுப்பாக, பசை மாதிரி, தாங்க முடியாத நாற்றத்தோடு இருக்கிறது. கழிச்சலா?

பதில்: இல்லை. குடல்வால் பகுதியிலிருந்து வரும் எச்சம் அப்படித்தான் இருக்கும். பத்துக்கு ஒன்று அந்த மாதிரி வந்தால் விட்டுவிடுங்கள். குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் தெரிந்து, அவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறுகி நின்றால் அது வேறு கதை, ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், ஈரப் படுக்கையை மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு பெட்டைக்குக் கழுத்துக்குக் கீழே பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தலைகீழாகப் பிடித்து அழுத்தும்போது வெளியே வரும் தண்ணீர் நுரையீரலுக்குள் போனால், வீக்கத்தில் சாகாத கோழி உங்கள் கையில் செத்துப்போகும்.

நீங்கள் சொல்லும் இடத்தில் இருப்பது தீனிப்பை. சாயங்காலம் அது புடைத்திருப்பது வயிறாரத் தின்றதற்கு அடையாளம், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி தீனியும் தண்ணீரும் எட்டாமல் தனியாக அடைத்து வையுங்கள், விடிந்ததும் எதுவும் கொடுக்கும் முன் தொட்டுப் பாருங்கள். காலியாக இருந்தால் நோயே இல்லை. கெட்டியாக, பிசைந்த மாவு மாதிரி இருந்தால் நீளமான புல்லோ நூலோ பிளாஸ்டிக்கோ சிக்கி அடைத்திருக்கும். தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, கொஞ்சம் சமையல் எண்ணெயை அலகின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, பையை மெதுவாகப் பிசைந்து கொடுங்கள். ஒரு நாளில் இளகவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள், பையைக் கீறி உள்ளே இருப்பதை எடுத்துத் தைக்கிறார்கள், பெரும்பாலும் பிழைத்துவிடும். தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று இருந்து வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே பூஞ்சை பெருகியிருக்கிறது. அதற்குப் பூஞ்சை மருந்துதான் வேலை செய்யும், கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் கொழுக்கும்.

கேள்வி: முட்டை போட்டுக்கொண்டிருந்த பெட்டை திடீரென்று சேவல் மாதிரி கூவுகிறது!

பதில்: கூவட்டும். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைப் பெட்டை சில சமயம் அந்த வேலையையும் எடுத்துக்கொள்ளும். முட்டையும் நின்று, கொண்டையும் பெரிதாகிக்கொண்டே போனால் சூலகத்தில் கோளாறு. பெட்டைக்கோழிக்கு வேலை செய்வது இடதுபக்கச் சூலகம் மட்டும்தான். அது கெட்டால் வலதுபக்கம் சும்மா கிடக்கும் உறுப்பு வளர்ந்து ஆண் ஹார்மோனைச் சுரக்கலாம். வைத்தியம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் அந்தக் கோழி தன்பாட்டுக்குத் தின்றுகொண்டு நன்றாகவே இருக்கும்.

கேள்வி: கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகிறது. நேற்று ஒன்று செத்துவிட்டது. தடுப்பூசி இப்போது போடலாமா?

பதில்: நோய் கண்ட கோழிக்குத் தடுப்பூசி உதவாது. நீங்கள் சொல்வது வெள்ளைக்கழிச்சல் போலத்தான் இருக்கிறது, அந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. பறவைக் காய்ச்சலிலும் இதே மாதிரி ஆகலாம் என்பதால் செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், கோழிகளை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். நோய் கண்டதைத் தனியாக ஒதுக்கிவிட்டு இன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தடுப்பு மருந்தைக் குஞ்சு பொரித்த முதல் வாரத்திலேயே கண்ணில் சொட்டு விட்டு ஆரம்பிக்க வேண்டும், அடுத்த முறை வளர்க்கும்போது அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: கால் செதில் எல்லாம் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பியது போல் இருக்கிறது. மண்ணெண்ணெய் தடவலாமா?

பதில்: மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும், வேண்டாம். செதிலுக்கு அடியில் உண்ணி துளைத்துக்கொண்டு இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து மெதுவாகத் தேய்த்துக் கழுவி, வாசலினைக் கெட்டியாகப் பூசுங்கள், உண்ணி மூச்சு முட்டிச் சாகும். சில நாளுக்கு ஒருமுறை, சில வாரங்கள் விடாமல் பூச வேண்டும். செதிலைப் பிய்த்து எடுக்காதீர்கள், ரத்தம் வரும். பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் மற்ற கோழிகளின் கால்களுக்கும் சேர்த்தே பூசிவிடுங்கள்.