இங்கிலாந்து மலைகளில் ஹெதர் என்ற ஊதாப்பூப் பூக்கும் குட்டைப் புதரை வேண்டுமென்றே எரிக்கிறார்களே, அது நல்ல பராமரிப்புதானா?

சில இடங்களில் ஆம். சில இடங்களில் தீப்பெட்டியையே எடுக்கக் கூடாது. எது எங்கே என்பதை அடியில் இருக்கும் பீட்தான் முடிவு செய்யும். முழுதும் மட்காத செடிகொடிகள் நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உண்டான கரிய ஈர மண் அது. மெல்லிய கம்பியைக் குத்திப் பார்த்தால் ஆழம் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 2021 விதிப்படி, குறிப்பிட்ட பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 40 செ.மீ.க்கு மேல் பீட் இருந்தால் உரிமமின்றி எரிக்க முடியாது என்றிருந்தது. 2025இல் அந்த அளவை 30 செ.மீ. ஆகக் குறைத்து, அந்தப் பகுதிகளுக்கு வெளியே உள்ள மேட்டு நிலங்களுக்கும் விரித்தார்கள். ஆழமான பீட் உள்ள நிலத்துக்குத் தேவை தண்ணீர்தான். பழைய வடிகால்களை அங்கேயே வெட்டிய பீட்டால் அடைத்து, பீட்டை உண்டாக்கும் ஸ்பேக்னம் என்ற ஈரப் பாசி மீண்டும் படர வழி செய்ய வேண்டும்.

மண் ஆழமில்லாத வறண்ட வெளியில் கணக்கே வேறு. ஹெதரைத் தொடாமல் விட்டால் 25, 30 வருடத்தில் புதர் நடுவில் பிளந்து சரியும். வேட்டைக்காக இந்த வெளிகளில் பேணப்படும் ரெட் கிரவுஸ் பறவைக்குத் தின்ன இளந்தளிர் வேண்டும், கூடு கட்ட உயர்ந்த புதரும் வேண்டும். அதனால் சுமார் 30 மீட்டர் அகலத் துண்டுகளாக, வருடத்துக்குக் கொஞ்சமாக எரிப்பார்கள். ஹெதர் 20–30 செ.மீ. உயரம் இருக்கும்போது எரித்தால் அடித்தண்டிலிருந்தே துளிர்க்கும். முற்றிய தண்டு துளிர்ப்பது அரிது; அப்போது விதையை நம்ப வேண்டியதுதான்.

மேட்டு நிலங்களில் எரிப்புக் காலம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 15 வரை. மேலே செடி காய்ந்து, அடியில் சருகும் பாசியும் ஈரமாக இருக்கும் நாள் பார்க்க வேண்டும். காற்று போகும் பக்கத்தில் முன்பே வெட்டி வைத்த தடுப்புப் பட்டையிலிருந்து காற்றுக்கு எதிராக முதலில் கொஞ்சம் எரித்துவிட்டு, பிறகுதான் எதிர்முனையில் தீ வைப்பார்கள். எரிந்த பின் கருகிய குச்சிகள் நின்று, கீழே பாசி பச்சையாகவே இருந்தால் வேலை சரி. வெள்ளைச் சாம்பலும் வெற்று மண்ணும் தெரிந்தால் விதையும் போச்சு, அடுத்த மழையில் மண்ணும் போகும்.

பிராக்கன் பெரணி ஓரமாக நிற்கும் இடத்தை எரிக்கவே வேண்டாம். அதன் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். காலியான இடத்தை அதுதான் முதலில் பிடிக்கும்.

தீயைப் பற்றி இவ்வளவு சண்டை நடக்கிறது, ஆனால் செம்மறி ஆடு பல இடங்களில் அதைவிடப் பெரிய சேதம் செய்கிறது. எரித்த துண்டு சிறிதாக இருந்தால் மந்தை முழுதும் அங்கேயே மேய்ந்து துளிரை மொட்டையாக்கிவிடும். அந்த வருட வளர்ச்சியில் 40 சதவீதத்துக்கு மேல் ஆடு தின்னக் கூடாது என்பது பொதுவான வரம்பு. இளஞ்செடிக்கு இன்னும் குறைவு. குளிர்காலத்தில் ஹெதர் மேலேயே வைக்கோல் போட்டால் மிதிபட்டுப் புல் ஏறிவிடும். தீவனம் வைக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஹெதருக்கு வெளியே.

கோடையில் திடீரென்று வெளி செம்பழுப்பானால் பெரும்பாலும் ஹெதர் வண்டின் புழு. உடனே எரிக்க ஓடாதீர்கள். அடுத்த கோடை வரை பொறுத்தால் நிறையச் செடி தானே தேறிவிடும்.

எரிக்க முடியாத இடத்தில் இயந்திரத்தால் வெட்டலாம். தரையோடு ஒட்ட வெட்டாமல் பாசிக்கு மேலே நிறுத்துங்கள். வெட்டிய குப்பை தடிமனாகக் கிடந்தால் விதை முளைக்காது, அதை வாரி எடுத்துவிட வேண்டும்.