இதழுக்குக் கதை கொடுத்தால் உரிமையும் போய்விடுமா?

கேள்வி: 2021-இல் ஒரு சிற்றிதழில் என் சிறுகதை வெளிவந்தது. மின்னஞ்சலில்தான் அனுப்பினேன், ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை. 500 ரூபாய் சன்மானம் தந்தார்கள். அண்மையில் அவர்கள் கொண்டுவந்த தொகுப்பு நூலில், என்னைக் கேட்காமலே அக்கதையைச் சேர்த்து, கடைசிப் பத்தியையும் நீக்கியிருக்கிறார்கள். என் சொந்தத் தொகுப்பில் அதைச் சேர்க்கவும் அவர்களிடம் அனுமதி பெற வேண்டும் என்கிறார் ஆசிரியர். இது சரியா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: அனுமதி கேட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. இதழில் சம்பளத்துக்குப் பணிபுரிபவர் அவ்விதழுக்காகவே எழுதியதற்கு விதிவிலக்கு உண்டு. அது உங்களுக்குப் பொருந்தாது.

அந்த உரிமை பிறருக்குக் கைமாற வேண்டுமானால், 19-ஆம் பிரிவு கேட்பது எழுத்து வடிவிலான ஆவணத்தை. அதில் நீங்களோ உங்களால் அதிகாரம் பெற்றவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்பவையும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். ‘படைப்புகளின் உரிமை இதழுக்கே’ என்று உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டுக்கொள்வது பல இதழ்களின் வழக்கம். அது அவர்களுடைய விருப்பத்தின் அறிவிப்பு, அவ்வளவே. ‘இக்கதை என் சொந்தக் கற்பனை, வேறெந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை’ என்று நாம் வழக்கமாக இணைக்கும் உறுதிமொழியும் உரிமை மாற்றம் ஆகாது. சன்மானமும் அந்த ஒரு வெளியீட்டுக்கானது என்றே வாதிடலாம்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 30-ஆம் பிரிவின்கீழ் தரும் உரிமத்துக்கு (உரிமையைக் கைமாற்றாமல், பயன்படுத்திக்கொள்ள மட்டும் தரும் அனுமதிக்கு) எழுத்து வடிவம் போதும்; கையெழுத்து கட்டாயமில்லை. எனவே பழைய மின்னஞ்சல்களில் ‘தொகுப்பிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எங்காவது எழுதியிருந்தால், அதை அனுமதியாக அவர்கள் முன்வைக்கக்கூடும். ஏதேனும் படிவத்தில் கையெழுத்திட்டது பின்னர் நினைவுக்கு வந்தாலும் பதற வேண்டாம்: கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும்; நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே.

கடைசிப் பத்தியை நீக்கியதுதான் எனக்கு இன்னும் கடுமையாகப் படுகிறது. ஒற்றுப்பிழை திருத்துவது ஆசிரியர் வேலை. கதையின் முடிவை வெட்டுவது அப்படியல்ல. உரிமையையே விற்றுவிட்ட படைப்பாளியும்கூட, தம் பெயருக்கோ மதிப்புக்கோ ஊறு விளைவிக்கும் சிதைப்பை 57-ஆம் பிரிவின்கீழ் எதிர்க்கலாம். ஆனால் அந்த வெட்டினால் கதையின் பொருள் எப்படித் திரிந்தது என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். மனவருத்தம் மட்டும் போதாது.

மூலப்பிரதி, அனுப்பிய மின்னஞ்சல், இதழ், தொகுப்பு நூல் ஆகிய நான்கையும் பத்திரப்படுத்துங்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்யாதது குறையல்ல; பதிவு கட்டாயமில்லை. முதலில் சேர்ப்புச் சான்றுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) ஒரு கடிதம் அனுப்பி, விற்காத பிரதிகளில் திருத்தக் குறிப்பும், உரிய தொகையும், அடுத்த பதிப்பில் முழுக்கதையும் கேளுங்கள். சிற்றிதழ் நடத்துவோரின் கையிருப்பு எனக்குத் தெரியும். பெரும்பாலும் இந்த அளவிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே தடையாணையும் இழப்பீடும் கோர 62-ஆம் பிரிவு வழிவிடுகிறது. உரிமை மீறல் நிகழ்ந்ததிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

உங்கள் தொகுப்பைத் தாராளமாக அச்சுக்கு அனுப்புங்கள். ஆனால் இதழில் கதையோடு வந்த ஓவியத்தை எடுத்தாளாதீர்கள். அதற்கு அந்த ஓவியத்தின் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.