மெம்ஃபிஸ் ஸ்டாக்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கறுப்பர்களின் சோல் இசையைத் தட்டுகளாகப் போட்ட ஸ்டாக்ஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனி பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்திருக்கின்றன. எனக்குப் பிடித்த கேள்விகளுக்கு நீளமாக எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஸ்டாக்ஸ் என்றால் என்ன அர்த்தம்?

ஜிம் ஸ்டூவர்ட், அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன். இரண்டு பேரின் குடும்பப் பெயரிலும் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை எடுத்துச் சேர்த்தார்கள். 1957-ல் தொடங்கும்போது சாட்டிலைட் என்று பெயர். கலிஃபோர்னியாவில் அதே பெயரில் இன்னொரு கம்பெனி இருந்ததால் 1961-ல் மாற்றிக்கொண்டார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் ஆரம்பித்த கம்பெனி கறுப்பர்களின் இசைக்கு வீடானது எப்படி?

நல்ல கேள்வி. ஜிம் ஸ்டூவர்ட் பகலில் வங்கியில் வேலை பார்த்தார், ஓய்வு நேரத்தில் கன்ட்ரி இசையில் ஃபிடில் வாசித்தார். கறுப்பர்களின் இசை அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒலிப்பதிவு எந்திரம் வாங்கக் காசில்லை. அக்காதான் தன் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். 1960-ல் மெம்ஃபிஸ் நகரில், மெக்லமோர் அவென்யூவில், படம் ஓடாமல் கிடந்த கேபிடல் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள். அந்தப் பேட்டை அப்போதே கறுப்பர்கள் பேட்டையாக மாறிக்கொண்டிருந்தது. உள்ளூர் வானொலியில் பிரபலமாக இருந்த ரூஃபஸ் தாமஸ் ஒருநாள் மகள் கார்லாவை அழைத்துக்கொண்டு வந்து பாடினார். அந்தப் பாட்டு விற்ற விற்பனையைப் பார்த்து நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் விநியோகத்துக்கு வந்து நின்றது.

தியேட்டரில் முன்பு தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை போட்டார். என்னைக் கேட்டால் கம்பெனியின் உயிர் அந்தக் கடையில்தான் இருந்தது. பேட்டைப் பையன்கள் அங்கேயே பொழுதைப் போக்குவார்கள். உள்ளே பதிவான பாட்டை எஸ்டெல் வெளியே கடையில் போட்டுக் காட்டி, அவர்கள் முகத்தைப் பார்த்தே எது ஓடும் என்று சொல்லிவிடுவார். கிதார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர் அந்தக் கடையில் வேலை பார்த்தவர். புக்கர் டி. ஜோன்ஸ் பள்ளிப் பையனாக அங்கே பாட்டுக் கேட்க வந்தவர். 1962-ல் அவர்கள் சேர்ந்து வாசித்த 'க்ரீன் ஆனியன்ஸ்' வெளியானபோது புக்கருக்கு 17 வயது.

பின்னால் பேஸ் கிதார் வாசிக்க டக் டன் வந்து சேர்ந்ததும் அந்த வாத்தியக் குழுவில் இரண்டு பேர் கறுப்பர், இரண்டு பேர் வெள்ளையர். வெளியே ஒரே ஹோட்டலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியாத ஊர் அது. அதனால் லொரேன் மோட்டலில் போய்ச் சேர்ந்து உட்காருவார்கள். 'நாக் ஆன் வுட்' அங்கே ஓர் அறையில் பிறந்த பாட்டு. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டதும் அதே மோட்டலில்தான். அதற்கப்புறம் ஸ்டாக்ஸுக்குள்ளும் பழைய சகஜம் திரும்பவில்லை என்று அங்கே இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: அரிதா ஃப்ராங்க்லின் ஸ்டாக்ஸில் பாடியவர்தானே?

இல்லை. பிறந்தது மெம்ஃபிஸ், பாடியது அட்லாண்டிக்குக்கு.

கேள்வி: ஸ்டாக்ஸ் பாட்டுகளின் ஒலி மட்டும் ஏன் தனியாகத் தெரிகிறது?

தியேட்டர் நாற்காலிகளைப் பிடுங்கினார்களே தவிர, சரிவான தரையைச் சமன் செய்யக் காசில்லை. அப்படியே விட்டுவிட்டார்கள். பெரிய கூடம், சரிந்த தரை. அந்த அறையின் முழக்கம் ஒவ்வொரு பதிவிலும் இருக்கிறது. பாடகர், ட்ரம்ஸ், கிதார், ட்ரம்பெட் எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொன்று தாளம். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, அதே குழுவின் அல் ஜாக்ஸனின் ட்ரம்ஸை மட்டும் கவனியுங்கள். இரண்டாவது, நான்காவது அடி விழ வேண்டிய இடத்தில் விழாது. ஒரு மயிரிழை தள்ளி விழும். க்ராப்பரின் கிதாரும் சரியாக அதே இடத்தில் வந்து விழும். அந்த மயிரிழைதான் உடம்பை ஆட வைக்கிறது.

கேள்வி: ப்ளூஸ் பிடிக்கும், சோல் பிடிக்காது. எனக்கு ஸ்டாக்ஸில் என்ன இருக்கிறது?

ஆல்பர்ட் கிங். 1967-ல் வந்த 'பார்ன் அண்டர் எ பேட் ஸைன்' தட்டு ஒன்றே போதும். அவர் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குக் கட்டிய கம்பிகளை மாற்றாமல் கிதாரைக் கவிழ்த்துப் பிடித்து வாசித்தார். கம்பியை மேலே தள்ளாமல் கீழே இழுப்பார். அந்த அழுகைச் சத்தம் அப்படி வருவதுதான்.

கேள்வி: பழைய தட்டு வாங்கலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

லேபிளின் நிறத்தைப் பாருங்கள். வெளிர்நீலத்தில் தட்டுகள் அடுக்கிய படம் இருந்தால் அது அட்லாண்டிக் காலம், அதாவது 1968-க்கு முன். மஞ்சளில் விரல் சொடுக்கும் படம் இருந்தால் அதற்குப் பின். இன்னொரு எச்சரிக்கை: ஸ்டாக்ஸில் ஜோடியாகப் பாடிய சாம் அண்ட் டேவ் தங்கள் பழைய பாட்டுகளையே பின்னாளில் வேறு கம்பெனிகளுக்கு மறுபடி பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையில் அதே பாட்டுப் பெயர்தான் இருக்கும். உள்ளே அந்த அறையும் இருக்காது, அல் ஜாக்ஸனும் இருக்க மாட்டார். ஒரு கடைக்காரர் என்னிடம் அசல் என்று சொல்லி அப்படி ஒன்றை விற்றார். வீட்டில் ஊசியை வைத்த இரண்டாவது நொடியில் தெரிந்துவிட்டது.

கேள்வி: ஏன் 1968-ல் லேபிள் மாறியது?

1965-ல் ஜிம் ஸ்டூவர்ட் படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அதுவரை அட்லாண்டிக்கோடு வாய்ப்பேச்சுதான். அங்கே தான் நம்பிய ஜெர்ரி வெக்ஸ்லர் போய்விட்டால் தானும் விலகிக்கொள்ள வழி வேண்டும் என்று கேட்டு, அதற்காகத்தான் எழுத்தில் போட்டார்கள். 1967-ல் அட்லாண்டிக்கை வார்னர் பிரதர்ஸ் செவன் ஆர்ட்ஸ் வாங்கியது. விலகலாம் என்று ஜிம் காகிதத்தை எடுத்தபோதுதான் தெரிந்தது, அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த எல்லாவற்றின் மாஸ்டர் டேப்பும் (மூலப் பதிவு நாடா) அட்லாண்டிக்குக்கே சொந்தம். இப்படி ஒரு வரி இருப்பது தனக்கே தெரியாது என்று வெக்ஸ்லர் பின்னால் சொன்னார். தெரியாமல் இருந்தாலும் வரி வரிதானே. அட்லாண்டிக் கடனாகக் கொடுத்திருந்த சாம் அண்ட் டேவும் திரும்பிப் போனார்கள். இந்த இழப்பெல்லாம் ஸ்டாக்ஸின் பெரிய பாடகர் ஓடிஸ் ரெடிங் இறந்த சில மாதங்களுக்குள் நடந்தது.

கேள்வி: அப்புறம் கம்பெனியை நடத்த வந்த அல் பெல் கண்டபடி செலவு செய்துதானே கம்பெனியை மூழ்கடித்தார்?

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கையில் பழைய பாட்டு ஒன்றுகூட இல்லாத கம்பெனிக்கு 1969-ல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்கள் போட்டுப் புதுச் சரக்கு உண்டாக்கியவர் அவர். ஐசக் ஹேஸின் 'ஹாட் பட்டர்ட் சோல்' அதில் ஒன்று. மொத்தமே நான்கு பாட்டு, ஒரு பாட்டு 18 நிமிடத்துக்கு மேல். 'ஐ வில் டேக் யூ தேர்' எழுதியவரும் அல் பெல்தான். 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டாலர் டிக்கெட்டில் லட்சம் பேரைக் கூட்டி வாட்ஸ்டாக்ஸ் இசை விழா நடத்தினார்.

கேள்வி (அதே நண்பர்): ஆனால் கடன் வாங்கியது அவர்தானே? வங்கி மோசடி வழக்கே நடந்ததே?

வழக்கு நடந்தது, 1976-ல் விடுதலையும் ஆனார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? 1972-ல் சிபிஎஸ் இசைத்தட்டு நிறுவனம் விநியோகத்தை எடுத்துக்கொண்டது. பேசி முடித்தவர் அதன் தலைவர் க்ளைவ் டேவிஸ். அடுத்த வருடமே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பின்னால் வந்தவர்களுக்கு ஸ்டாக்ஸில் அக்கறை இல்லை. சின்னக் கடைகளுக்குத் தட்டு போய்ச் சேரவில்லை, ஒப்பந்தம் இருந்ததால் ஸ்டாக்ஸ் வேறு வழியில் விற்கவும் முடியவில்லை. சரக்கு கடைக்குப் போகாவிட்டால் எந்த முதலாளி கடனைக் கட்டுவார்?

கேள்வி (இன்னொருவர்): நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்தவரிடம் விநியோகத்தைக் கொடுத்தது தப்பில்லையா?

தப்புதான். ஒருமுறை சூடு பட்ட பிறகு இரண்டாவது முறையும் வாசல் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் 1975 டிசம்பரில் திவால் ஆக்கிக் கதவைப் பூட்டியது யூனியன் பிளான்டர்ஸ் வங்கி. கம்பெனியைக் காப்பாற்ற ஜிம் ஸ்டூவர்ட் தன் சொத்தைப் பிணையாக வைத்து வீட்டையும் இழந்தார். ஊதாரித்தனம் என்ற ஒரே வார்த்தையில் இதை முடிக்க முடியாது. இதற்கு மேலும் வாதாட நினைப்பவர்கள் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அரிதா ஸ்டாக்ஸ் இல்லையா? அப்படியென்றால் மார்வின் கே?

அரிதா பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். மார்வின் கே டெட்ராய்ட், மோடவுன் கம்பெனி.

கேள்வி: ஸ்டுடியோவைப் போய்ப் பார்க்க முடியுமா?

அசல் கட்டடம் ஒரு தேவாலயத்தின் கைக்குப் போய் 1989-ல் இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2003-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். உள்ளே ஐசக் ஹேஸின் காடிலாக் கார் நிற்கிறது.

கேள்வி: 'டாக் ஆஃப் த பே' பாட்டில் வரும் அலைச் சத்தம் உண்மையில் கடற்கரையில் பதிவு செய்ததா?

பாட்டோடு சேர்த்துப் பதிவானது இல்லை. 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சினில் ஏரிக்குள் விமானம் விழுந்து ஓடிஸ் இறந்தார், வயது 26. பாட்டைப் பாடி முடித்துச் சில நாள்தான் ஆகியிருந்தது. அந்த விமானத்தில் கூடப் போன, அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்த பார்-கேஸ் குழுவினரில் பென் காலி ஒருவர் மட்டும் பிழைத்தார். அந்த வாரத்திலேயே பாட்டை முடித்துக் கொடு என்று நியூயார்க்கிலிருந்து நெருக்கினார்கள். அலையையும் கடற்பறவைச் சத்தத்தையும் தேடி எடுத்துச் சேர்த்தவர், ஓடிஸோடு உட்கார்ந்து அந்தப் பாட்டை எழுதிய ஸ்டீவ் க்ராப்பர். 1968 ஜனவரியில் வெளியாகி முதலிடத்துக்குப் போனது. அட்லாண்டிக்கோடு போன டேப்புகளில் அதுவும் ஒன்று.